விக்டோரியா கொத்தனாரும் விரிசல் விட்ட புகைபோக்கியும்

புதுவாயல் கூட்டுச்சாலையில் நின்று "கொத்தனார் விக்டோரியா வீடு எது?" என்று கேட்டால், இப்போது டீக்கடைக்காரர் கையை நீட்டி வழி காட்டுகிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். "சித்தாள் விக்டோரியாவா? எட்வர்ட் சம்சாரமா?" என்று நம்மைத் திருத்தியும் விட்டிருப்பார். எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்பை நானும் சிரித்தவன்தான்.

என் பெயர் பாக்கியநாதன். அதே கூட்டுச்சாலையில் தகரப் பட்டறை வைத்திருக்கிறேன். பேக்கரித் தட்டு, மோட்டார் மூடி, கூரைக்குத் தண்ணீர்த் தாரை என்று கேட்டதை வெட்டி மடித்துக் கொடுப்பேன். கல்கத்தா நெடுஞ்சாலையில் போகிற கன்டெய்னர் லாரிகள் கிளப்புகிற தூசியில் பாதி என் பட்டறையில்தான் வந்து தங்குகிறது. விக்டோரியா என் தெருக்காரர். ஒரே சர்ச். இந்த ஊரில் வீறாப்புப் பேசுகிற ஆட்கள் நிறைய உண்டு. பேசியபடி நடந்துகொண்ட ஆள் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

கட்டட வேலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆம்பளை ஒருவன் கையாளாக வந்து சேர்ந்தால் மூன்றாம் வருடம் கரண்டி பிடிப்பான், ஐந்தாம் வருடம் கொத்தனார் ஆகிவிடுவான். பொம்பளை வந்தால் சித்தாள். முதல் நாளும் சித்தாள், இருபதாம் வருடமும் சித்தாள். கலவைப் பாண்டைத் தலையில் சுமந்து சாரம் ஏறி இறங்க வேண்டியதுதான். கரண்டியைக் கழுவி வைக்கலாம், பிடிக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது. "அதான் வழக்கம்" என்பார்கள். சோம்பேறிகள் சொல்கிற பதில் அது.

விக்டோரியாவின் அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டு வாழ்ந்தவர்கள். வயல்கள் கம்பெனிகளாக மாறியபோது பிள்ளைகளும் கம்பெனி வாசலில் போய் நின்றார்கள். எட்வர்டுக்கு இரும்பு உருக்குகிற ஃபேக்டரியில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. விக்டோரியா கல்யாணமான மறு வருடமே அரசப்பன் மேஸ்திரியிடம் சித்தாளாகச் சேர்ந்தார். பத்தொன்பது வருடம் அவரிடமே. அரசப்பன் கெட்டவர் இல்லை. கூலியைச் சனிக்கிழமை சாயங்காலமே கொடுத்துவிடுவார். ஆனால் மதியம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் தூங்காவிட்டால் அவருக்குக் கண் தெரியாது.

அந்த ஒரு மணி நேரம்தான் விக்டோரியாவின் பள்ளிக்கூடம். கொத்தனார்கள் நிழலில் படுத்ததும் இவர் கரண்டியை எடுத்து, யாரும் கவனிக்காத மூலையாகப் பார்த்து, மாடிப்படிக்கு அடியிலோ தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலோ பூசிப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் வழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் பூசுவார். ஒரு முறை கவரப்பேட்டைப் பக்கம் ஒரு சைட்டில், இன்ஜினீயர் தொட்டிக்குப் பின்னால் இருந்த சுவரைத் தடவிப் பார்த்து "மேஸ்திரி, இந்தப் பூச்சு கண்ணாடி மாதிரி இருக்கே" என்று அரசப்பனுக்குக் கைகொடுத்தாராம். அரசப்பனும் கையை நீட்டி வாங்கிக்கொண்டாராம். இதைச் சொல்லும்போது விக்டோரியாவுக்கு இன்றைக்கும் மூக்கு விடைக்கும்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தன்னைக் கொத்தனார் என்று கூப்பிட வேண்டும். கொத்தனார் எந்த வாசலில் நுழைகிறாரோ அந்த வாசலில் தானும் நுழைய வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத்தான் தெரியும். கேட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரியது என்று தெரியும்.

அந்த வாசலைத் திறந்து விட்டது புகைபோக்கி.

எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை வந்தால் டிவியில் திருத்தணி பெயரைச் சொல்லாமல் செய்தி முடியாது. மொட்டை மாடித் தளத்தில் வெறுங்காலை வைத்தால் தோல் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அந்தத் தளத்தைத் துளைத்துக்கொண்டு நிற்பதுதான் எங்கள் வீட்டுப் புகைபோக்கிகள். சிலிண்டர் விலையைக் கேட்டு மயங்கி விழாதவர்கள் எங்கள் தெருவில் குறைவு. அதனால் பாதி வீட்டில் பின்கட்டில் விறகடுப்பு உண்டு. விறகுக்குப் பஞ்சமில்லை. கம்பெனிகளில் மிஷின் வந்திறங்குகிற மரப்பெட்டிகளை உடைத்து, குட்டியானை வண்டியில் லோடு லோடாக விற்கிறார்கள். காய்ந்த மரம், குபீரென்று பிடிக்கும். ஆனால் அதில் பெயின்டும் இருக்கும், பிளைவுட்டைச் சேர்த்து ஒட்டிய பசையும் இருக்கும். எரிகிற பசை புகையாக ஏறி, புகைபோக்கிக்குள் தார் மாதிரி படியும். விறகு மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்ட நாங்கள் யாரும் மேலே என்ன படிகிறது என்று எட்டிப் பார்த்ததில்லை.

உள்ளே தார், வெளியே வெயில். வருடா வருடம் சித்திரையில் புகைபோக்கி விரியும். வருடா வருடம் அரசப்பன் வந்து சிமெண்டை அப்புவார். தளத்துக்கும் புகைபோக்கிக்கும் நடுவில் எறும்பு நுழைகிற இடம் கூட விடமாட்டார். "மழ பெஞ்சா ஒரு சொட்டு எறங்காது, நான் கேரண்டி" என்பார். மழை இறங்காது. மறு சித்திரையில் விரிசல் மட்டும் வந்துவிடும். "வெயிலு அப்படி" என்று வெயில் மேல் பழியைப் போட்டுவிட்டு, மறுபடியும் சிமெண்டைக் குழைப்பார். வெயில் எதிர்த்துப் பேசாது என்கிற தைரியம்தான்.

விக்டோரியாவின் வீட்டுப் புகைபோக்கி விரிந்தபோது அவரே ஏறிப் பூசினார். அரசப்பன் பூசுவது போலவே இறுக்கி அடைத்தார். பதினைந்தே நாளில் மறுபடியும் விரிந்தது. வீடெல்லாம் புகை. அன்று மாலை பட்டறை வழியாகப் போனவரைப் பார்த்து, "இன்னா விக்டோரியா, கொத்தனார் வேல காட்டிட்ட போலக்கீதே" என்று கிண்டல் செய்தேன். அவர் முறைத்துவிட்டுப் போனார். மறுநாள் மகள் பிரின்சியின் பென்சிலை எடுத்துக்கொண்டு மாடி ஏறியிருக்கிறார். விரிசல் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று இரண்டு கோடு போட்டார். காலையில் ஒரு தடவை, அடுப்பு எரிகிற மத்தியான வேளையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று ஒரு வாரம் பார்த்தார். காலையில் விரிசல் மயிரிழை. உச்சி வெயிலில் அதே விரிசலுக்குள் ஒரு ரூபாய்க் காசு போகும்.

"அது ஒடியலப்பா, வெரியுது" என்று எட்வர்டிடம் சொன்னாராம். "அடுப்புச் சூட்டுல பொகக்கூண்டு பெருக்குது, வெயில்ல தளம் பெருக்குது. ரெண்டும் ஒண்ண ஒண்ணு நெரிக்குது. நவுர எடமில்லாம ஒடையுது."

எட்வர்ட் அதிகம் பேசாதவர். சோற்றைப் பிசைந்தபடியே பதில் சொன்னார்: "எங்க கம்பெனில ஃபர்னஸ் கட்டுறப்போ கல்லுக்கு நடுவுல அட்ட வெப்பாங்கோ. நெருப்பு ஏத்துனா அட்ட எரிஞ்சி பூடும். அந்த சந்துல கல்லு பெருத்து ஒக்காந்துக்கும்."

விக்டோரியா கையைக் கழுவாமலேயே எழுந்துவிட்டார். "இத்த இத்தினி வருசமா ஏன்யா சொல்லல?"

"நீ கேக்கலயே."

அடுத்த ஞாயிறு, சர்ச் முடிந்த கையோடு தன் வீட்டுப் புகைபோக்கியைத் தானே இடித்தார். தளத்தில் இருந்த துளையைச் சுற்றிலும் இரண்டு விரல்கடை அகலமாக்கினார். ஃபேக்டரியில் கழித்துப் போட்டுப் பழைய இரும்புக் கடைக்கு வந்த, நெருப்பு தாங்குகிற சூளைக்கல்லை வாங்கி உள்வரிசை கட்டினார். சிமெண்ட் இல்லை, களிமண்ணும் சுண்ணாம்பும் செங்கல் தூளும்தான். மூன்று வரிசைக்கு ஒரு முறை அட்டைப்பெட்டியை வெட்டி இடையில் சொருகினார். மழைக்கு என்ன செய்வது? அதற்குத்தான் என்னிடம் வந்தார்.

"ணா, எனக்கு ஒரு பாவாட தெச்சிக் குடு."

"நான் டெய்லராம்மா?"

"தகரத்துல. கூண்டு இடுப்புல கட்டி, சுத்தி விரிஞ்சி நிக்கணும். மழ அதுமேல உழுந்து தள்ளிப் போவணும். அடியில சந்து அப்படியே இருக்கணும்."

தைத்துக் கொடுத்தேன். அந்தச் சித்திரை தாண்டியது, வைகாசி தாண்டியது, ஐப்பசி மழையும் கொட்டித் தீர்த்தது. விரிசலும் இல்லை, ஒழுகலும் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் என் வீடு உட்படப் பதினோரு வீட்டுக்கு விக்டோரியா புகைபோக்கி கட்டினார். பதினோரு பாவாடை நான் தைத்தேன். எல்லாருக்கும் ஒரு கண்டிப்பு: "பிளைவுட்டு எரிக்கக் கூடாது. சவுக்கு, கருவேலம், அவ்ளோதான். எரிச்சிட்டு என்னாண்ட வந்து அழுவக் கூடாது."

சேதி அரசப்பன் காதுக்குப் போனது. மறுநாள் சைட்டில், எல்லாருக்கும் முன்னால் கூப்பிட்டுக் கேட்டார்.

"இன்னாம்மே, கரண்டி புடிக்கிறியாமே? எனக்குத் தெரியாம?"

"உனக்குத் தெரியாமதான் மேஸ்திரி பத்து வருசமா புடிக்கிறேன். நீ தூங்கிக்கினு இருந்த."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அரசப்பனுக்கு முகம் கறுத்துவிட்டது. "உன் கைய பழக்கினவன் நான். கரண்டி வோணும்னா என் சைட்டுக்கு வராத. வரணும்னா கரண்டிய மறந்துடு."

விக்டோரியா தலையில் இருந்த சும்மாட்டை எடுத்து உதறி, மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு நடந்துவிட்டார். பத்தொன்பது வருட வேலை அத்தோடு போயிற்று. அரசப்பன் சும்மா இருக்கவில்லை. சுற்றுவட்டாரத்து மேஸ்திரிகள் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். சித்தாள் வேலைக்குக் கூட ஒருவரும் கூப்பிடவில்லை.

அந்த நேரத்தில்தான் அன்புசெல்வன் வந்தார். பக்கத்து ஊரில் நெல் வயல் வைத்திருக்கிற குடும்பம். விக்டோரியாவின் அம்மா களை பறித்தது அவர்கள் வயலில்தான். அன்புசெல்வனும் மனைவி ரம்யாவும் வீட்டிலேயே சமைத்துக் கம்பெனி ஆட்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறார்கள். தினம் எழுபது சாப்பாடு. எல்லாம் விறகடுப்பில், மரப்பெட்டி விறகில். உள்ளே படிந்த தார் ஒரு நாள் மத்தியானம் தீப்பிடித்துக்கொண்டது. மேலே வைத்திருந்த ஆஸ்பெஸ்டாஸ் குழாய் அணுகுண்டு வெடி மாதிரி வெடித்து, துண்டுகள் பக்கத்து வீட்டு வைக்கோல் போர் வரைக்கும் போய் விழுந்தன. அரசப்பன் ஏற்கெனவே மூன்று முறை ஒட்டுப்போட்ட புகைபோக்கி அது.

"யக்கா, நீங்க வந்து ஒரு தடவ பாக்கணும்" என்றார் அன்புசெல்வன். அந்த வீட்டு மனிதர்கள் எங்கள் தெருப் பெண்களை அக்கா என்று கூப்பிடுவது அதிசயம். புகை மூக்கில் ஏறினால் மரியாதை தானாக வாயில் வரும் போலிருக்கிறது.

அளவெடுக்க வேண்டும் என்று விக்டோரியா என்னையும் அழைத்துப் போனார். வாசலில் அன்புசெல்வனின் அம்மா கங்கம்மா நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளே வா என்று சொல்லவில்லை. "பின்னாடி மாட்டுக் கொட்டா பக்கமா வாங்க. ஏணி சாத்தி வெச்சிக்கீது" என்றார். போனோம். சாணியைத் தாண்டி, ஏணி ஏறி, கொதிக்கிற தளத்தில் நின்றோம். விக்டோரியா உடைந்த புகைபோக்கிக்குள் தோள் வரைக்கும் கையை விட்டு, கறுப்புத் தாரை வழித்தெடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு இறங்கி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்பங்கரைப் பக்கம் நடந்தார்.

"எங்க போற?" என்று கங்கம்மா குறுக்கே வந்தார்.

"அடுப்பப் பாக்கணும்மா."

"மேலதான் பாத்தியே. கீழ அரசப்பன் பாத்துக்குவான். அவன் எப்பவும் உள்ள வர்றவன். நீ மேல் வேலைய ஒண்டி முடிச்சிட்டுப் போ."

"பொகக்கூண்டுக்கு மேல் வேல, கீழ் வேலன்னு ரெண்டு இல்லம்மா. அடுப்பு வாய் எந்தப் பக்கம் கீது, பொக எங்க திரும்புதுன்னு பாக்காம மேல கட்டுனா, அரசப்பன் கட்டுன மாதிரிதான் நிக்கும்."

"எங்க ஊட்டு வழக்கம் உனக்குத் தெரியாதா? உங்கம்மாவுக்குத் தெரியும்."

அன்புசெல்வன் போனை எடுத்து அதில் எதையோ தேட ஆரம்பித்துவிட்டார். ஆம்பளைகள் ஒளிந்துகொள்ள இப்போதெல்லாம் போன் வசதியாக இருக்கிறது. நான் மட்டும் யோக்கியமா? நானும் அளவு நாடாவைச் சுருட்டுவது போலக் குனிந்துகொண்டேன்.

விக்டோரியாவின் குரல் உயரவில்லை. "உங்க வழக்கத்த நீங்களே வெச்சிக்கோங்க. உங்க பொகையையும் நீங்களே வெச்சிக்கோங்க" என்றார். மாட்டுக் கொட்டகைப் பக்கம் திரும்பாமல், வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே நடந்தார். நான் கொட்டகை வழியாகவே வந்தேன்.

வழியெல்லாம் எனக்குக் கோபம். "வேல இல்லாம கீற. வந்த வேலையையும் ஒதச்சிட்டியே. அவங்க வழக்கம் நமக்கு இன்னா புதுசா?"

"ணா, அரசப்பனும் நானும் ஒரே கலவச் சேத்துல நின்னவங்க. அவன் காலு அடுப்பாண்ட போலாம், என் காலு போவக் கூடாதா? என் கை கட்டுன அடுப்புல சோறு ஆக்கலாம், என் காலு பட்டா தீட்டா? நீ சொல்லு."

நான் நடையை எட்டிப் போட்டேன்.

அரசப்பன் நான்காம் முறை வந்தார். புதுக் குழாய் வைத்து, வழக்கம்போல் கழுத்து வரைக்கும் சிமெண்டால் இறுக்கினார். அக்னி நட்சத்திரம் பிறந்த நான்காம் நாள் அது பிளந்தது. குழாய் சாய்ந்து, புகை மேலே போக வழியில்லாமல் அடுப்பங்கரைக்குள்ளேயே சுற்றியது. சாம்பாரில் புகை வாடை, ரசத்தில் புகை வாடை. கம்பெனி ஆட்கள் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வேற எடம் பாத்துக்குறோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தப் பக்கம் விக்டோரியா வீட்டிலும் நிலைமை சுகமில்லை. ஒரு மாதமாக வேலை கிடையாது. நாஷ்டாவுக்கு இட்லி போய்க் கஞ்சி வந்திருந்தது. "ஒரு வார்த்த அரசப்பனாண்ட போய் சொல்லிட்டா இன்னா?" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். எட்வர்ட் மட்டும் கேட்கவில்லை. அந்த மனிதரை எனக்குப் பிடித்துப் போனது அப்போதுதான்.

ஒரு மத்தியானம் ரம்யா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். நான் அப்போது விக்டோரியாவின் வீட்டுத் தகரக் கதவைச் சரிசெய்துகொண்டிருந்தேன். முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. கண் இரண்டும் மிளகாய் பட்ட மாதிரி சிவந்திருந்தன. பேச வாயைத் திறந்தால் இருமல்தான் முதலில் வந்தது.

"அக்கா, நீங்க வரணும்."

"எந்த வழியா?"

"முன்வாசல் வழியா. அடுப்பு வரைக்கும். நான் சொல்லிட்டேன்."

"யாராண்ட சொன்ன?"

"ஊட்டுக்காரராண்ட."

"உங்க மாமியாராண்ட?"

ரம்யா தலையைக் குனிந்துகொண்டார். விக்டோரியா உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "கண்ணக் கழுவிக்கோ. எரிச்சல் கொறையும். போய் அவங்களாண்ட சொல்லிட்டு அப்பால கூப்புடு. நான் திருட்டுத்தனமா ஒரு ஊட்டுக்குள்ள வர மாட்டேன். இன்னொண்ணு, நான் சித்தாளு இல்ல. கொத்தனாரு. கொத்தனாரு கூலி. அதையும் சேத்து சொல்லிடு."

கஞ்சி குடிக்கிற வீட்டில் இவ்வளவு திமிரா என்று நினைத்தேன். அன்று மாலை ஆறு மணிக்குப் போன் வந்தது. விக்டோரியா ஸ்பீக்கரில் போட்டார். ரம்யா நடுவில் இருமினார், ஆனால் நிறுத்தவில்லை. "சொல்லிட்டேங்கா. அடுப்பு எரிக்கிறது நானு, போவுறது என் கண்ணு. யாரு வந்து கட்டணும்னு நான்தான் சொல்லணும்னு சொல்லிட்டேன். அத்த பேசாம கீறாங்க. நீங்க காலைல வாங்க."

கொத்தனாருக்குக் கையாள் வேண்டுமே. விக்டோரியாவிடம் சித்தாளாக வர யாரும் துணியவில்லை, அரசப்பனுக்குப் பயம். எட்வர்ட் ஃபேக்டரியில் மூன்று நாள் லீவு சொன்னார். லுங்கியை மடித்துக் கட்டி, மனைவியின் பழைய சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். டீக்கடையில் ஒருவன் விசிலடித்தான். "இன்னா எட்வர்டு, பொண்டாட்டிக்கு சித்தாளா?"

"ஆமா நைனா. எங்க கான்ட்ராக்டர வுட நல்லாவே திட்டுறா."

மூன்று நாள் வேலை நடந்தது. முன்வாசல் வழியாகத்தான் போனோம், வந்தோம். கங்கம்மா அந்த மூன்று நாளும் அடுப்பங்கரைப் பக்கம் வரவில்லை. கூடத்தில் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விக்டோரியா அடுப்பு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊதுபத்தி கொளுத்தி, புகை எங்கே திரும்புகிறது, எங்கே தயங்குகிறது என்று பார்த்தார். அடுப்பு வாயைக் கொஞ்சம் குறுக்கினார். மூட்டையாக வந்த சூளைக்கல்லை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஓசை சரியில்லாததை ஒதுக்கினார். அட்டையை வெட்டிச் சொருகினார். தளத்துத் துளையைப் பெரிதாக்கினார். எட்வர்ட் கலவை கொஞ்சம் தண்ணியாகக் கொண்டுவந்தால், "இது இன்னா பாயசமா?" என்று அதட்டுவார். அவர் அப்படியே திருப்பி எடுத்துப் போவார். நான் என் வாழ்க்கையிலேயே நல்ல பாவாடையாக ஒன்று தைத்து, மேலே புறா கூடு கட்டாமலிருக்க வலை போட்ட தொப்பியும் செய்து மாட்டினேன்.

மூன்றாம் நாள் மாலை அரசப்பன் வந்தார். யாரும் கூப்பிடவில்லை, பார்க்காமல் இருக்க முடியவில்லை போலிருக்கிறது. உள்ளே வந்து குனிந்து புகைபோக்கிக்குள் பார்த்தார். கல்லுக்கு நடுவில் விரலை ஓட்டினார்.

"இன்னாத்துக்கு அட்ட?"

"அடுத்த சித்திரைல வந்து பாரு மேஸ்திரி, புரியும்."

அவர் அதற்குப் பிறகும் போகவில்லை. ஒரு ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

எங்கள் பக்கத்தில் புது அடுப்பு கட்டி முடித்தால் அதில் முதலில் பால் காய்ச்சுவார்கள். காய்ச்சிய பாலை முதலில் கட்டினவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டார் குடிப்பார்கள். ரம்யா காய்ந்த சவுக்குச் சுள்ளிகளை வைத்துப் பற்றவைத்தார். புகை ஒரு கணம் அடுப்பு வாயில் நின்றது. பிறகு அது வளைந்து, உள்ளே நுழைந்து, மேலே போனது. அடுப்பங்கரையில் ஒரு இழை இல்லை. நான் வெளியே ஓடிப்போய் மேலே பார்த்தேன். தொப்பிக்கு அடியிலிருந்து புகை நேராக வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே திரும்பி வந்தபோது ரம்யா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது புகையால் வந்த கண்ணீர் இல்லை.

பால் பொங்கியது. அப்போதுதான் கங்கம்மா உள்ளே வந்தார். புகையில்லாத அடுப்பங்கரையை ஒரு சுற்றுப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் இருந்தது, மறைக்க முடியவில்லை. ரம்யா கையிலிருந்த பால் சட்டியைத் தானே வாங்கிக்கொண்டார். ஒரு தட்டில் எவர்சில்வர் டம்ளர்களை வைத்துப் பால் ஊற்றினார். ஒன்றை அரசப்பனிடம் நீட்டினார், ஒன்றை மகனுக்குக் கொடுத்தார். பிறகு அலமாரியிலிருந்து மூன்று பேப்பர் கப்புகளை உருவி எடுத்து, விக்டோரியா, எட்வர்ட், நான் என்று எங்கள் மூன்று பேர் முன்னாலும் தரையில் வைத்து, பால் ஊற்றக் குனிந்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கை தானாக நீண்டுவிட்டது. ஐம்பத்தொரு வருடப் பழக்கம் அது. தேங்காய்ச் சிரட்டை போய், தனி டம்ளர் போய், பேப்பர் கப் வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று ஏதோ ஒரு மூலையில் தெரிந்தும் கை நீண்டது.

விக்டோரியா என் கைக்கு முன்னால் கையை விட்டு அந்தக் கப்பை எடுத்தார். தன்னுடையதையும் எட்வர்டுடையதையும் எடுத்தார். மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகி, அடுப்பு வாய்க்குள் போட்டார்.

கப் சுருண்டு, கறுப்பாகப் புகைந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அந்தக் கறுப்புப் புகை வெளியே வரப் பார்த்தது, மனம் மாறியதைப் போலத் திரும்பி, சூளைக்கல்லைத் தடவிக்கொண்டு மேலே போய்விட்டது.

"நல்லா இழுக்குது" என்றார் விக்டோரியா. "கண்டத எரிக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். இது ஒரு தடவ. இனிமே இந்த அடுப்புக்கு இது தேவையில்லம்மா. டம்ளர் எடுங்க."

கங்கம்மா அசையவில்லை. அன்புசெல்வனின் கை சட்டைப் பையில் போனைத் தேடியது. அரசப்பன் தன் பாலைக் குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். சுள்ளி ஒன்று எரிந்து முறிகிற சத்தம் கேட்டது. ரம்யா அலமாரியைத் திறந்தார். மூன்று எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துக் கழுவினார். மாமியார் கையிலிருந்த பால் சட்டியை மெதுவாக வாங்கினார். கங்கம்மா கொடுத்துவிட்டார்.

"மொதல்ல கொத்தனாருக்கு" என்று சொல்லி ரம்யா விக்டோரியாவிடம் நீட்டினார்.

அந்த ஊரில் அடுத்தவர் வீட்டு டம்ளரில் எங்கள் ஆட்கள் வாய் வைத்துக் குடித்ததே கிடையாது. வேறு யார் வீட்டுக்குப் போனாலும் அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொள்வதுதான் மரியாதை என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். விக்டோரியா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கங்கம்மாவின் முகத்தைப் பார்த்தார். அண்ணாந்து குடிக்கவில்லை. விளிம்பில் வாய் வைத்து, நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

எட்வர்டும் வாய் வைத்துக் குடித்தார். டம்ளர் எனக்கும் வந்தது. நானும் வாய் வைத்துத்தான் குடித்தேன்.